விளக்கெண்ணெய் தடவிய கம்பம்

கம்பத்தில் தொங்கி ஆடுகிறவர்களுக்கு வலி முதலில் வருவது விரல் மூட்டுகளில். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கையின் உள்பக்கம். உனக்கெப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? அக்கா மகள் சொல்லித்தான். இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கோரமங்களாவில் போல் டான்ஸ் வகுப்பு. அடுகோடியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எட்டு மாதமாகப் போகிறாள். இப்போது காலையில் எழுந்தால் வலது கை விரல்களை மடக்க முடியவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். "அந்தக் கருமத்தை விட்டுத் தொலைக்கச் சொல்லுடா" என்று ஊரிலிருந்து அக்கா போன் செய்கிறாள். இவளோ, "விடமாட்டேன் மாமா, வலிக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க" என்கிறாள். பி.காம். முடித்து இருபது வருஷமாக வங்கியில் நோட்டு எண்ணிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது!

ஆனால் நான் விழுப்புரம் பக்கத்து ஆள். மல்லர் கம்பம் என்றால் தமிழ்நாட்டில் முதலில் சொல்லப்படும் ஊர் விழுப்புரம்தான். உலகதுரை என்ற ஆசிரியர் அங்கே பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து அதைப் பரப்பினார். அந்தப் பிள்ளைகள் கம்பத்தின் உச்சியில் தலைகீழாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை காலமாக ஆடுகிறார்களே, இவர்கள் கைவலியை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட சுவாரசியமாகிவிட்டது.

மல்லர்கள் தூணை வைத்துப் பயிற்சி செய்ததைப் பற்றிய பழைய குறிப்பு, நான் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியை (இன்றைய பீதர் மாவட்டத்து பசவகல்யாண்) ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலில் மற்போருக்கென்றே தனிப் பகுதி உண்டு. நம்மவர்கள் சிலர் மாமல்லன் என்ற பட்டத்தைக் காட்டி, பல்லவர் காலத்திலேயே மல்லர் கம்பம் இருந்தது என்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்து மல்யுத்தம் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், கம்பம் இருந்தது என்று சொல்ல முடியாது. வவுச்சர் இல்லாமல் கணக்கு எழுதக் கூடாது, இல்லையா?

இன்றைய வடிவத்துக்கு உயிர் கொடுத்தவர் பாலம்பட்ட தாதா தேவதர். மராட்டிய பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்குப் பயிற்சி ஆசான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நிஜாம் சீமையிலிருந்து அலி, குலாப் என்று இரண்டு மல்லர்கள் வந்து சவால் விட்டார்களாம். இவர் சப்தசிருங்கி அம்மன் மலைக்குப் போய், குரங்குகள் மரத்தில் ஏறி இறங்குவதைக் கவனித்து, மரக்கம்பத்தில் பழகி வந்து வென்றாராம். இது வழிவழியாகச் சொல்லும் கதை. 1818ல் ஆங்கிலேயரிடம் தோற்ற பாஜிராவ், வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் பென்ஷனோடு கான்பூர் பக்கத்து பிட்டூருக்கு அனுப்பப்பட்டார் (எங்கள் யூனியன் காதில் விழாமல் இருக்க வேண்டும்!). அங்கே வளர்ந்த நானா சாகிப்பும் ஜான்சி ராணியும்கூடக் கம்பம் ஏறியதாகச் சொல்கிறார்கள்.

சரி, கைக்கு வருவோம்.

மல்லர் கம்பம் தேக்கிலோ சீசம் மரத்திலோ செய்வது. எட்டடிக்கு மேல் உயரம். அடியில் சுற்றளவு 55 செ.மீ. அளவில் இருக்கும், மேலே போகப் போகச் சிறுக்கும். 55 செ.மீ. சுற்றளவென்றால் குறுக்களவு ஏழு அங்குலம் ஆகிறது. அந்தத் தடிமனை விரலால் வளைத்துப் பிடிக்க முடியுமா? முடியாது. ஆகவே உடம்பின் எடை தொடைக்கும் அக்குளுக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. காரணம் எளிது. அது ஆடுவதற்காக வந்த கம்பமே அல்ல, எதிராளியின் உடம்புக்குப் பதிலாக நட்டு வைத்தது. எதிராளியை விரலால் பிடித்து வீழ்த்த முடியாது, கட்டித் தழுவித்தான் வீழ்த்த வேண்டும். விரல் மூட்டு தப்பித்தது இதனால்தான் என்பது என் ஊகம்.

அடுத்தது எண்ணெய். கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள். ஏற்கெனவே வழுக்குகிற கம்பத்துக்கு எண்ணெய் வேறா என்று தோன்றும். உராய்வு குறைந்தால் தோல் எரியாது, சுழலும்போது சதை மரத்தோடு ஒட்டி இழுபடாது. விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடக் கெட்டி என்பதால் அடியோடு வழுக்கியும் விடாது. வழுக்குகிற கம்பத்தில் நிற்க வேண்டுமானால் பெரிய தசைகளைத்தான் நம்ப வேண்டும், விரலை நம்பி ஆகாது.

சீன வித்தைக்காரர்களுக்கும் ஒரு கம்ப வித்தை உண்டு. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள். கம்பத்துக்கு ரப்பர் உறை, உடம்புக்குத் தடித்த உடை. போல் டான்ஸ் இரண்டையும் விட்டுவிட்டது. கேளிக்கை விடுதிகளில் இருந்ததை 1990களில் கனடாவிலும் மற்ற இடங்களிலும் உடற்பயிற்சியாக மாற்றினார்கள். 2009ல் சர்வதேச சம்மேளனமே வந்துவிட்டது. அங்கே கம்பம் உலோகம், பரவலாக இருக்கும் அளவு 45 மி.மீ. குறுக்களவு. விரல் கிட்டத்தட்ட முழுதாக வளைந்து கொள்ளும். வெறும் தோல்தான் பிடிமானம், வியர்த்தால் சாக்பொடி. ஒரு கை மேலிருந்து இழுக்க, இன்னொரு கை கீழிருந்து தள்ள, உடம்பு முழுவதும் அந்த இரண்டு மணிக்கட்டில். வலிக்காமல் என்ன செய்யும்?

வலி வந்தபின் என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. அந்தக் காலத்து அகாடாவில் ஆசானே வைத்தியர். ஹைதராபாத் பக்கம் இன்றும் எலும்பு கட்டுபவரைப் பயில்வான் என்றுதான் தேடிப் போவார்கள். நம் பக்கத்தில் புத்தூர் கட்டு. அக்காவும் அதைத்தான் சொன்னாள். எனக்கு உடன்பாடில்லை. எலும்பு முறியவில்லை, தசைநார்தான் நொந்திருக்கிறது. அதைக் கட்டி முடக்கி வைத்து என்ன பயன்?

பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் மாதக்கணக்கில் ஆகும். எட்டு மாதத்தில் இவள் கற்ற வேகத்துக்கு நார் ஈடுகொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கையில் தொங்குவதை நிறுத்தி, காலால் பிடிக்கும் பயிற்சிகளை மட்டும் செய்யச் சொன்னார். விரலில் ரப்பர் பேண்டை மாட்டி விரித்து விரித்து மூட வேண்டும், மடக்கும் தசைக்கு எதிர்த் தசையும் வேலை செய்ய வேண்டுமாம். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பல மூட்டுகள் வீங்கினாலோ பயிற்சியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இவளுக்குப் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது, நல்லவேளை.

காலால் பிடிப்பது என்றவுடன் எனக்குத் தோன்றியது மறுபடி மல்லர் கம்பம்தான். அதில் கயிறு வகை ஒன்று உண்டு. முன்பு பிரம்பில் ஆடினார்கள், நல்ல பிரம்பு கிடைப்பது அரிதானதும் பருத்திக் கயிறு வந்தது. பெண்களுக்கென்று வெகுகாலம் ஒதுக்கியது இதைத்தான், இப்போது அவர்களும் கம்பத்தில் ஏறுகிறார்கள். கயிற்றில் முடிச்சு போடக் கூடாது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைக் கவ்வித்தான் மேலே போக வேண்டும். முதல் சில மாதங்களில் அந்த இடத்துத் தோல் உரிந்துவிடுமாம். 2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பூங்காவில் நடந்த முதல் உலகப் போட்டியின் வீடியோவை இவளுக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, "இதுல கைக்கு வேலையே கம்மியா இருக்கே மாமா" என்றாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது விழுப்புரம் மைதானத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை :-)