குருன்ஃபெல்ட் தற்காப்பு

சதுரங்கத்தில் வெள்ளை தன் ராணிச் சிப்பாயை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கும்போது கறுப்பு ஆடக்கூடிய கூர்மையான எதிராட்டங்களுள் ஒன்று குருன்ஃபெல்ட் தற்காப்பு. நகர்வு வரிசை: 1. டி4 கு-எஃப்6 2. சி4 ஜி6 3. கு-சி3 டி5 (கு: குதிரை, ம: மந்திரி). தொடக்க ஆட்டங்களுக்கான சர்வதேசக் குறியீட்டில் டி70 முதல் டி99 வரையிலான எண்கள் இதற்குரியவை.

மூன்றாவது நகர்வில்தான் விஷயம் இருக்கிறது. ஜி6 ஆடிய கறுப்பு அடுத்து மந்திரியை ஜி7இல் நிறுத்தி, சிப்பாயை டி6இல் வைத்தால் அது கிங்ஸ் இந்தியன் என்ற வேறொரு தற்காப்பு. இங்கே டி5 என்று நேராக மோதுகிறது. வெள்ளை 4. சி×டி5 என வெட்ட, கறுப்பு கு×டி5 என எடுக்கும். 5. இ4 என்று விரட்டினால் குதிரை பின்வாங்குவதில்லை. சி3இல் இருக்கும் குதிரையை வெட்டிவிட்டுத் தானும் வெட்டுப்படுகிறது. இப்போது சி3, டி4, இ4 ஆகிய கட்டங்களில் மூன்று வெள்ளைச் சிப்பாய்கள். நடுப்பலகையில் கறுப்புக்கு ஒன்றுகூட இல்லை. பழைய பாடப்புத்தகக் கணக்குப்படி இது வெள்ளைக்கே லாபம்.

ஆனால் எஃப்6இல் இருந்த குதிரை போய்விட்டதால் ஜி7 மந்திரிக்கு டி4 வரை வழி திறந்துகிடக்கிறது. அடுத்து சி5, கு-சி6, சமயம் பார்த்து ம-ஜி4 என எல்லாமே அந்த டி4 சிப்பாயைக் குறிவைத்து வரும். சிப்பாய் தாக்குப்பிடித்து டி5க்கு ஏறிவிட்டால் கறுப்புக்கு மூச்சுமுட்டும். அது விழுந்தாலோ, ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் கடைசிக்கட்டத்துக்குப் போனாலோ, ராணிப் பக்கத்தில் ஏ, பி என்ற இரண்டு கறுப்புச் சிப்பாய்களை ஒற்றை வெள்ளைச் சிப்பாய் தடுக்க வேண்டியிருக்கும். நடுநிலையாக நகர்த்திக் காலம் தள்ள இந்தத் தற்காப்பில் இடமில்லை.

பதிவான முதல் ஆட்டம் கல்கத்தாவைச் சேர்ந்தது. 1855இல் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி இதே வரிசையை ஆடியிருக்கிறார். நம் பழைய ஆட்டமுறையில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். அதில் பழகிய கைக்கு ஜி6 ஆடி மந்திரியை ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கவைப்பது இயல்பாக வந்திருக்கும். ஆட்டத்தை ஜெயித்தவர் காக்ரேன். ராணியைப் பலிகொடுத்து, மூச்சுவிட இடமில்லாத ராஜாவைக் குதிரையால் மேட் செய்யும் முடிவு அது.

தற்காப்புக்குப் பெயர் தந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் (1893–1962) வியன்னாக்காரர். 1922இல் பிஸ்டியானில் சேமிஷுடன் ஆடி இதை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு வியன்னாவில் அலெஹினையே இதைக் கொண்டு தோற்கடித்தார். 1956இல் நியூயார்க்கில் 13 வயது பாபி ஃபிஷர் டொனால்ட் பைர்னுக்கு எதிராக ராணியைத் தூக்கிக்கொடுத்து வென்ற புகழ்பெற்ற ஆட்டமும் குருன்ஃபெல்டுதான். 1986 முதல் கார்போவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டிகளில் காஸ்பரோவ் இதைக் கையிலெடுத்தார். அதன்பின் இந்தத் தற்காப்பை விடாமல் ஆடியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் பீட்டர் ஸ்விட்லர்.

தமிழ் வாசகர்களுக்கு நினைவில் நிற்பது 2010 ஏப்ரல் 24, சோஃபியா. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, விஸ்வநாதன் ஆனந்த் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே பல்கேரியா போய்ச் சேர்ந்தார். உலகப் பட்டப் போட்டி ஒரு நாள் தள்ளித் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தொபலோவுக்கு எதிராகக் கறுப்பில் ஆனந்த் தேர்ந்தெடுத்தது குருன்ஃபெல்ட். மேலே சொன்ன வெட்டுவரிசைதான். வெள்ளை மந்திரி சி4க்கும் குதிரை இ2க்கும் வந்தன. டி4இல் ஆனந்த் ஒரு சிப்பாயைக் கூடுதலாகப் பிடித்திருந்தார். பதிலுக்குத் தொபலோவ் ராஜாப் பக்கத்தில் எஃப்5, கு-எச்5 என்று படை திரட்டிக்கொண்டிருந்தார். 23ஆவது நகர்வில் தேவைப்பட்டது ம-டி7. ஆனந்த் ராஜாவை எஃப்7க்கு நகர்த்தினார். உடனே 24. கு×எஃப்6! குதிரையை எடுத்த ராஜா வெளியே இழுபட, வெள்ளை யானைகள் எச் வரிசையிலும் சி வரிசையிலும் இறங்கின. 30ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. தயாரித்து வைத்திருந்த நகர்வுகளின் வரிசை குழம்பிவிட்டது என்பதே இந்தத் தோல்விக்கு விளக்கம். நிலையைப் பார்த்து யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற சலுகையைக் குருன்ஃபெல்ட் உலகச் சாம்பியனுக்கும் தருவதில்லை. ஆனாலும் பத்தாவது ஆட்டத்தில் ஆனந்த் அதையே மறுபடி ஆடி டிரா செய்தார். 12ஆவது ஆட்டத்தை வேறொரு தற்காப்பில் கறுப்பிலேயே வென்று, 6½–5½ என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இரண்டு வருடம் கழித்து மாஸ்கோவில் பலகை திரும்பியது. குருன்ஃபெல்டை ஆட வந்தவர் கெல்ஃபாண்ட், வெள்ளையில் ஆனந்த். 2012 உலகப் பட்டப் போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்த் குதிரையை சி3க்குக் கொண்டுவராமல் 3. எஃப்3 ஆடினார். இதன் தந்திரம் எளிது: கறுப்பு டி5 ஆடி, டி5இல் வெட்டுக்குப் பின் வெள்ளை இ4 ஆடும்போது, வெட்ட சி3இல் குதிரை இல்லை, கறுப்புக் குதிரை பி6க்கு ஒதுங்கவேண்டியதுதான். அந்த ஆட்டம் டிரா. ஏழாவது ஆட்டத்தில் ஆனந்த் தோற்றார். எட்டாவதில் மீண்டும் 3. எஃப்3 வந்ததும் கெல்ஃபாண்ட் டி5ஐக் கைவிட்டு சி5 என்று விலகினார். அதோடு அது குருன்ஃபெல்ட் அல்ல. அவருடைய ராணி எச்1 மூலையில் இருந்த யானையைப் பிடிக்கப் போய், 17. ராணி-எஃப்2 என்ற நகர்வில் அங்கேயே சிறைப்பட்டது. உலகப் பட்டப் போட்டிகளில் முடிவு கண்ட ஆட்டங்களில் மிகக் குறுகியதாக அந்த 17 நகர்வு ஆட்டம் பதிவானது.