சின்யோரியா சதுக்கத்தில் ஒரு மாலை

புளோரன்ஸ் நகரின் சின்யோரியா சதுக்கத்துக்குள் நுழைபவர் எவரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பர். 94 மீற்றர் உயரக் கோபுரத்துடன் கோட்டைபோல் எழுந்து நிற்கிறது பலாஸோ வெக்கியோ மாளிகை. நானும் அவ்வாறே பார்த்தேன். இச்சதுக்கத்தின் வரலாறோ காலடி மண்ணில் தொடங்குகிறது.

13ஆம் நூற்றாண்டில் இந்நகரம், பாப்பரசரை ஆதரித்த குவெல்ஃப் என்றும் பேரரசரை ஆதரித்த கிபெலின் என்றும் இரு கட்சிகளாகப் பிளவுண்டு கிடந்தது. கிபெலின்கள் வீழ்ந்தபோது, அவர்களுள் முதன்மையான உபெர்ட்டி குடும்பத்தினரின் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. அவை மீண்டும் எழக்கூடாது என்பதற்காகவே அந்நிலம் சதுக்கமாக்கப்பட்டது என்கிறார் 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் வில்லானி. 1299இல் தொடங்கப்பட்ட மாளிகையைக்கூட அந்த மண்ணில் படாதவாறு விலக்கிக் கட்டினார்களாம்.

ஆட்சிகள் மாறின. 1494இல் மெடிச்சி குடும்பம் துரத்தப்பட்டது. மறு ஆண்டே அவர்களது மாளிகையிலிருந்த டொனாட்டெல்லோவின் யூதித் சிலையைக் குடியரசினர் இங்கு கொண்டுவந்து நிறுத்தினர். பகைவனின் தலையை வெட்டும் பெண் அவள். கொடுங்கோலருக்கு அது எச்சரிக்கை. 1504இல் மைக்கலாஞ்சலோவின் தாவீதும் வாயிலில் காவல் நின்றான். இன்று வெளியே நிற்பவை பிரதிகள். தாவீதின் மூலச்சிலை 1873இல் அகாடமிக் கலைக்கூடத்துக்கு மாற்றப்பட்டது.

மெடிச்சியர் திரும்பி வந்தனர். 1540இல் முதலாம் கோசிமோ இம்மாளிகையிலேயே குடியேறினார். அவர் செல்லினியைக் கொண்டு செய்வித்த பெர்சியஸ் சிலை 1554இல் திறக்கப்பட்டது. வெட்டிய மெதூசாவின் தலையை அது சதுக்கத்தை நோக்கி உயர்த்திப் பிடித்திருக்கிறது. ஒரு பத்திரிகையின் தலையங்கத்துக்கு மற்றொரு பத்திரிகை எழுதிய மறுப்பாகவே எனக்கு அது தோன்றியது.

புறப்படும் வேளையில், கடல்தேவன் நீரூற்றின் அருகே தரையில் பதித்த வட்டக்கல் ஒன்றைக் கண்டேன். மெடிச்சியர் இல்லாத காலத்தில் நகரைத் தன் சொல்லால் ஆட்டிப்படைத்த துறவி சவனரோலாவுக்கான கல் அது. 1497இல் அவரது தூண்டுதலால் கண்ணாடிகளும் ஓவியங்களும் நூல்களும் இச்சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. 1498 மே 23ஆம் திகதி, அதே சதுக்கத்தில் அவரும் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். நினைவுச் சின்னமாக எதையும் எவரும் எடுத்துச் செல்லாதிருக்க, சாம்பலை ஆர்னோ ஆற்றில் கொட்டினர்.

ஆயினும் அவரது பெயர் கல்லில் இருக்கிறது. உபெர்ட்டிகளின் வீடுகள் இல்லை. அவர்களைத் தண்டிக்க விடப்பட்ட வெற்றிடமே இன்று உலகம் வந்து நிற்கும் சதுக்கம். சுற்றுலாப் பயணிகள் அக்கல்லை மிதித்தபடி தாவீதைப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். நான் சற்று விலகி நின்றேன்.