உதிர்ந்த அசையும் நின்ற அழுத்தமும்

இலத்தீன் மொழி இத்தாலிய மொழியாக மாறிய வரலாற்றை அதன் வினைச்சொற்களே நமக்குச் சொல்லிவிடும்.

இத்தாலிய மொழியில் 'காந்-தோ' என்பது ஈரசைச் சொல். முதலசையை அழுத்தி உச்சரித்தால் 'பாடுகிறேன்' என்று பொருள். இறுதியசையை அழுத்தினால் 'பாடினான்' என்று பொருள். அழுத்தம் மாறியதும் நிகழ்காலம் இறந்தகாலமாகிறது, தன்மை படர்க்கையாகிறது. ஆகவே பின்னதன் இறுதியெழுத்தின்மேல் சிறு கோடொன்று இடுகின்றனர்.

இக்கோட்டிற்குக் காரணம் என்ன? இலத்தீனில் 'பாடினான்' என்பது 'காந்-தா-வித்' என்னும் மூவசைச் சொல். ஈற்றயலசை நெடிதாயின் அழுத்தம் அதன்மேல் விழும். குறுகியதாயின் அதற்கு முன்னுள்ள அசைக்குச் செல்லும். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் குவிந்திலியான் இவ்விதியைக் குறித்துள்ளார். இங்கே 'தா' நெடில், அழுத்தம் அதற்கே. மக்கள் நாவில் ஈற்றசை தேய்ந்து, சொல் 'காந்-தௌத்' ஆகி, பின்னர் 'காந்-தோ' ஆயிற்று. அழுத்தம் நகரவில்லை, அதன் பின் நின்ற அசையே மறைந்தது. அக்கோடு, வீழ்ந்த அசைக்கு நட்ட நடுகல்.

அசை கூடிய வரலாறும் உண்டு. 'விசுவசிக்கிறேன்' எனப் பொருள்படும் 'க்ரே-தோ' இரு மொழிகளிலும் ஒன்றே. 'விசுவசிக்கிறார்கள்' என்பது இலத்தீனில் 'க்ரே-துந்த்', இத்தாலியத்தில் 'க்ரே-தொ-னோ'. ஈரசை மூவசையாகியும் அழுத்தம் முதலசையை விட்டு அகலவில்லை. விதிவிலக்கும் இல்லாமலில்லை. முதலசையில் அழுத்தம் பெற்ற இலத்தீனின் 'சாபெரே', இத்தாலியத்தில் 'சபேரே' என இரண்டாம் அசைக்கு அழுத்தத்தை மாற்றிக்கொண்டது. அதன் பொருள் 'அறிதல்' என்பது நம் சிந்தனைக்குரியது.

1962 அக்டோபர் 11 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை 23ஆம் அருளப்பர், விசுவாச உண்மைகள் வேறு, அவற்றை எடுத்துரைக்கும் முறை வேறு என்று உணர்த்தினார். 1965 மார்ச் 7 அன்று திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் உரோமையின் பங்கு ஆலயமொன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். இலத்தீனின் இனிய ஓசை போயிற்றே என வருந்தியோர் உண்டு. அவ்வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. 'பாடியவன் அவன்' என்று காட்டியது உதிர்ந்துபோன அந்த ஈற்றசைதானே! ஆயினும் அப்பொருள் அழியவில்லை. அருகிலிருந்த அசை அச்சுமையையும் ஏற்றுக்கொண்டது.

திருச்சபையிலும் நம் பங்குகளிலும் பழைய வழக்கங்கள் சில மறைகின்றன. புதியன சில சேர்கின்றன. மறைந்ததற்காக மட்டும் அஞ்சவேண்டியதில்லை. புதியது என்பதற்காக மட்டும் மகிழவேண்டியதுமில்லை. மறைந்தது சுமந்த பொருளை இன்று சுமப்பவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடையிருக்கும்வரை, 'விசுவசிக்கிறேன்' என்னும் சொல் எம்மொழியில் ஒலித்தாலும் அதன் அழுத்தம் குன்றாது.