வேலையை விடாமல் விமானியாக முடியுமா?

முடியும். ஆனால், வார இறுதியில் மட்டும் பறந்து வர்த்தக விமானி உரிமம் எடுக்க எவ்வளவு நாளாகும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐசிஏஓ எனும் அனைத்துலக அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமமான பிபிஎல்-க்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வர்த்தக உரிமமான சிபிஎல்-க்கு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150 போதும். ஆனால் அது பெரும்பாலும் முழுநேரப் படிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்படியாகப் பயில்பவர்களுக்கு 200 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 2 மணி நேரம் பறந்தால் 100 வாரம், கிட்டத்தட்ட 2 ஆண்டு. அதுவும் மழை பெய்யாமல், விமானம் பழுதாகாமல், முதலாளி சனிக்கிழமை ஓவர்டைம் கூப்பிடாமல் இருந்தால்தான்! கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால், காலை நேரத்தையே பதிவு செய்வது நல்லது. 3 வாரம் இடைவெளி விட்டால் கை பழக்கம் போய்விடும். பழைய பாடத்தைத் திரும்பச் செய்யும் நேரத்துக்கும் காசு கட்டத்தான் வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் பறக்கப் போவதோ வேண்டவே வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே இதைச் செய்ய முடியும். மூக்குக்கண்ணாடி போடுவது பிரச்சினை இல்லை. கண்ணாடியுடன் பார்வை தேவையான அளவுக்குத் தெளிவாக இருந்தால் சரி. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தாலோ, இன்சுலின் எடுப்பவராக இருந்தாலோ பாதை அங்கேயே அடைபடலாம். பிபிஎல்-க்கு இரண்டாம் வகுப்புச் சான்றிதழே போதும் என்பதால் சிலர் முதல் வகுப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். சேமிப்பெல்லாம் கரைந்த பிறகு தகுதியில்லை என்று தெரியவந்தால் என்ன செய்வது?

வானிலை, வழிகாணல், வான் சட்டம் போன்ற பாடங்களை வேலை முடிந்து வந்து இரவில் படிக்கலாம். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிக்கும், இரட்டை எஞ்சின் பயிற்சிக்கும் அப்படிச் சரிவராது. அவற்றைத் தொடர்ந்து பறந்து முடிப்பதே மேல். ஆண்டு விடுமுறையை அதற்கென்று சேர்த்து வையுங்கள்.

பயிற்சி நிலையம் சிஏஏஎம் அங்கீகாரம் பெற்றதா என்று ஆணையத்திடமே சரிபாருங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால், பயிற்சி நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பறக்கப் பறக்கக் கட்டும் முறை, மாதச் சம்பளக்காரர்களுக்குப் பாதுகாப்பு.

உரிமம் கையில் கிடைத்ததும் வேலையை விட்டுவிடாதீர்கள். ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களை ஓட்ட அந்தந்த ரகத்துக்கான தனித் தகுதி வேண்டும். விமானியாக எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒரே சீராக இருப்பதில்லை. 2020-இல் கோவிட் வந்தபோது, அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். பயணிகள் விமானத்தில் கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். பயிற்றுநர் தகுதி எடுத்துக்கொண்டு, வார இறுதியில் கற்பித்தபடியே மணி நேரத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு.