ரத்தத்தில் ஏது தீட்டு?

1941. போர்வீரர்களுக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நாடெங்கும் ரத்தம் திரட்டத் தொடங்கியது. பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமிக்கும் அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் சார்லஸ் ட்ரூ, ஒரு கறுப்பின மருத்துவர். அதே ஆண்டில்தான் கறுப்பினத்தவரின் ரத்தம் வேண்டாம் என்று சங்கம் முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 1942 ஜனவரியில் இறங்கிவந்தது. ரத்தத்தை வாங்கிக்கொண்டது, ஆனால் இன முத்திரை குத்தித் தனியாக வைத்தது. இதற்குத் தீண்டாமை என்றல்லாமல் வேறு என்ன பெயர்?

அறிவியல் தெரியாத காலமா அது? இல்லை. 1901இலேயே வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து வெளியிட்டுவிட்டார். ஏ, பி, ஓ பிரிவுகள் எல்லா இனத்திலும் உண்டு. பொருந்தாத பிரிவைச் செலுத்தினால் ஆபத்து. பொருந்தினால் கொடுத்தவர் யார் என்று உடல் கேட்பதில்லை.

‘உடல் அந்நியமானதை ஒதுக்கத்தானே செய்கிறது?’ என்று சிலர் கேட்கலாம். ஒதுக்கும். ஆனால் எதை?

போரில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டினால் அது உதிர்ந்துவிடும். இரண்டாம் முறை ஒட்டினால் இன்னும் விரைவாக உதிரும். இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று 1940களில் பீட்டர் மெடாவர் காட்டினார். உறுப்பின் செல்கள் ஒவ்வொன்றும் எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்களைத் தாங்கியிருக்கின்றன. உட்கரு இல்லாத சிவப்பணுக்களில் அவை கிட்டத்தட்ட இல்லை. சிவப்பணு 120 நாளில் அழிந்துவிடும். சிறுநீரகமோ ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டும். ரத்தம் எளிதாகப் பொருந்துவதும் உறுப்பு பொருந்தாததும் இதனால்தான்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் உருவான இரட்டையருக்கிடையே நடந்தது. உடன்பிறந்தவர் என்பது மட்டும் போதாது. மருந்தின் உதவி இல்லாவிட்டால் சொந்தத் தம்பியின் சிறுநீரகத்தைக்கூட உடல் தள்ளிவிடும். அதே உடல், பிரிவு பொருந்தினால் முகமறியாதவரின் ரத்தத்தை ஏற்றுக்கொள்ளும்.

தோழர்களே, ‘எங்கள் ரத்தம், எங்கள் இனம்’ என்ற பேச்சுக்கு உடலில் இடமே இல்லை. 1950இல்தான் செஞ்சிலுவைச் சங்கம் அந்த முத்திரையைக் கைவிட்டது. சார்லஸ் ட்ரூ மறைந்ததும் அதே ஆண்டில்தான். உடல் ஒதுக்காத ரத்தத்தை ஒதுக்கியவர்கள் மனிதர்கள். அதை மறக்க வேண்டாம்.