படகில் ஏறிய சக்கரம்

தேர் கடலில் ஓடாது; மரக்கலம் நிலத்தில் ஓடாது. இவ்வுண்மையைத் திருக்குறளின் இடனறிதல் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலேயே வலிமை பெறும் என்பது வள்ளுவர் கண்ட தெளிவு. ஆயின் மனிதனின் பயணமோ நீரோடு முடிவதுமில்லை, நிலத்தோடு நிற்பதுமில்லை. ஆறு முடியுமிடத்தில் காடு தொடங்குகிறது. காடு முடியுமிடத்தில் மற்றோர் ஆறு குறுக்கிடுகிறது. அங்கெல்லாம், அதுவரை தன்னைச் சுமந்து வந்த ஊர்தியைத் தானே சுமக்க வேண்டிய நிலை மனிதனுக்கு ஏற்படுகிறது. ஊர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் ஆற்றலையும் அளந்து பேசுவர். சுமக்கப்படும் வேளையில் ஓர் ஊர்தி எப்படிப்பட்டது என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கும் நீண்டதொரு வரலாறு உண்டு.

இந்நாளில் அவ்வினா புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஆற்றோட்டத்தோடு செல்பவர், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கடந்து கரையேறுகிறார். அவருடைய காரோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. ஆறு ஒரு திசையில்தான் ஓடும். எதிர்த்துத் துடுப்பிட்டுத் திரும்புதல் எல்லா ஆறுகளிலும் இயலாது. துணைக்கு ஆள் இருப்பின் இரு முனைகளிலும் காரை நிறுத்தி வைக்கலாம். தனியே செல்பவர் யாது செய்வார்? மின்னாற்றலால் இயங்கும் ஒற்றைச்சக்கர வண்டியொன்றைப் படகிலேயே ஏற்றிச் சென்று, கரையேறியபின் அதன்மீது நின்று சாலைவழியே திரும்புதல் சிலர் கண்ட வழியாகும். அவ்வாறாயின் எத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரரைக் கேட்பதற்குமுன் வரலாற்றைக் கேட்பது நன்று.

இழுத்துச் சென்ற படகு

மலாயாத் தீவகற்பத்தின் நடுவே, இன்றைய நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெம்போல் ஆறும் செர்த்திங் ஆறும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றோடு கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. செர்த்திங் ஆற்றின் நீரோ பகாங் ஆற்றின் வழியே தென்சீனக் கடலுக்குச் செல்கிறது. இரண்டு கடல்களுக்குரிய இரண்டு ஆறுகள். அவற்றைப் பிரிக்கும் நிலம் சில நூறு மீட்டரே. தீவகற்பத்தின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் நெடும்பயணத்தைத் தவிர்க்க விரும்பிய பண்டை வணிகர், இவ்விடத்தில் படகைக் கரையேற்றி நிலத்தின்மீது இழுத்துச் சென்று மறு ஆற்றில் இறக்கினர். 'தாரிக்' என்னும் மலாய்ச் சொல் இழுத்தலைக் குறிக்கும். அதனால் இவ்விடம் பெனாரிக்கான் எனப் பெயர் பெற்றது. மலாக்காவில் பிறந்த எரெடியா 1613-இல் எழுதிய குறிப்புகளிலும் இவ்வழி இடம் பெற்றுள்ளது.

இங்கே ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். கடலில் எத்துணைப் பெரிய கலம் செல்லலாம் என்பதைக் கடல் முடிவு செய்யும். பெனாரிக்கான் வழியில் எத்துணைப் பெரிய கலம் செல்லலாம் என்பதை முடிவு செய்ததோ அந்தச் சில நூறு மீட்டர் நிலமேயாகும்.

வட அமெரிக்காவிலும் இதே நிலையைக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தோல் வணிகத்தில் ஈடுபட்ட படகோட்டிகள், பிர்ச் மரப்பட்டையால் செய்த படகுகளில் ஏரிகளையும் ஆறுகளையும் கடந்தனர். சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்த 'பெருஞ்சுமைவழி' ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. சரக்கு மூட்டை ஒன்றின் எடை 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோகிராம். ஒருவர் ஒரு நடையில் இரண்டு மூட்டைகளைச் சுமப்பது வழக்கம். ஏரியைக் கடந்து வந்த பெரிய படகுகள் அக்கரையோடு நின்றன. உள்நாட்டு ஆறுகளுக்குச் சிறிய படகுகளே சென்றன.

மடித்துக் கட்டிய படகு

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் உலகுக்கு அளித்த கொடை. மரங்கள் வளராத அந்நிலத்தில், கடல் கொண்டுவந்து சேர்த்த மரத்துண்டுகளாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்தினர். வேட்டைக்காரர் ஒருவரே தூக்கிச் செல்லத்தக்கதாக அது விளங்கியது. எளிமையில் பிறந்த அக்கலையே பின்வந்தோர் அனைவருக்கும் வழிகாட்டியது.

1840-ஆம் ஆண்டுகளில் பீட்டர் ஹால்கெட் என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியால் மேலங்கியொன்றைச் செய்தார். உடுத்தியவர் விரும்பியபோது காற்றடைத்து அதனைப் படகாக்கிக்கொள்ளலாம். குடையே பாயாக உதவும்! கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் வடதுருவப் பயணி ஜான் ரே, ஹால்கெட்டின் காற்றுப்படகைத் தம் பயணத்தில் கொண்டுசென்று பயனடைந்தார்.

1905-இல் ஆல்பிரட் ஹோய்ரிச் என்னும் ஜெர்மானிய மாணவர், மூங்கில் சட்டமும் பாய்த்துணியும் கொண்ட மடக்குப் படகொன்றைச் செய்து, ஈசார் ஆற்றில் மியூனிக் வரை செலுத்தினார். 1907-இல் ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோகான் கிளெப்பர் அதன் உரிமையைப் பெற்றுப் படகுகளை உற்பத்தி செய்யலானார். அதன்பின் நகர மக்கள் மடக்கிய படகைப் பையிலிட்டு இரயிலேறி மலையடிவாரம் சென்றனர். அங்கே படகை விரித்து ஆற்றோடு இறங்கி வந்தனர். திரும்பும் வழிக்கு விடையாக இரயில்பாதை இருந்தது. இன்று ஒற்றைச்சக்கர வண்டியிடம் எதிர்பார்க்கப்படும் பணியை அன்று இரயில் செய்தது.

மடக்குப் படகு செய்த அருஞ்செயல்கள் இரண்டு. ஆஸ்கார் ஸ்பெக் என்னும் ஜெர்மானியர் வேலை தேடிச் சைப்பிரசுக்குச் செல்ல எண்ணி, 1932-இல் உல்ம் நகரத்தில் டானூப் ஆற்றில் படகை இறக்கினார். அப்பயணம் இந்தியக் கரையையும் மலாயாவையும் கடந்து வளர்ந்தது. 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள சாய்பாய்த் தீவில் அவர் கரையேறியபோது உலகப்போர் மூண்டுவிட்டது. பகை நாட்டவர் என்று சிறைவைக்கப்பட்டார்.

மற்றொன்று சிங்கப்பூர் வரலாற்றோடு கலந்தது. 1943 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, மேஜர் ஐவன் லயன் தலைமையில் அறுவர், மூன்று மடக்குப் படகுகளில் ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்துள் புகுந்து, கப்பல்களில் காந்தக் கண்ணிவெடிகளைப் பொருத்தி மீண்டனர். கிரேட் என்னும் சிறு மீன்பிடிப் படகு ஒன்றே அவர்களையும் அவர்தம் படகுகளையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. மடங்காத படகுகளாயின் அக்கலத்தில் அவற்றை மறைத்தல் அரிதாகியிருக்கும். அந்த வெற்றியின் விலையைச் செலுத்தியவர்களோ வேறு மக்கள். அக்டோபர் 10-ஆம் நாள் ஜப்பானிய இராணுவப் போலீசார் ஐயத்தின்பேரில் 57 பேரைச் சிறைப்பிடித்தனர்; அத்தாக்குதலோடு தொடர்பற்ற அவர்களுள் 15 பேர் சித்திரவதையால் உயிர் துறந்தனர்.

தோளேறிய மிதிவண்டி

படகை நிலத்தில் சுமந்த கதை இதுவாயின், நில ஊர்தியை நீரில் சுமந்த கதையும் மலாயா மண்ணிலேயே நிகழ்ந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 55 நாள்களில் ஜொகூர் பாருவை அடைந்தது. பிரிட்டிஷார் பின்வாங்குகையில் ஆற்றுப் பாலங்களைத் தகர்த்துச் சென்றனர். லாரிகளும் டாங்கிகளும் பாலம் செப்பனிடப்படும்வரை காத்து நின்றன. மிதிவண்டிப் படையினர் காத்து நிற்கவில்லை. மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்து, அக்கரையில் மீண்டும் ஏறிச் சென்றனர். டயர் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டினர். அந்த ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருவதாக அஞ்சியவர்களும் உண்டு.

மலாயா மக்கள் பட்ட துன்பத்தை எண்ணுங்கால் இப்படையெடுப்பு போற்றுதற்குரியதன்று. எனினும், பாலம் இடிந்த ஆற்றங்கரையில் ஆற்றல்மிக்க ஊர்தி தோற்றது. தோளில் ஏறும் ஊர்தியே வென்றது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

ஒற்றைச்சக்கரத்தின் பிறப்பு

ஒற்றைச்சக்கர வண்டி நெடுங்காலம் சர்க்கஸ் கூடாரத்துப் பொருளாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட மிதிவண்டி வழங்கியது. அதன் பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழுந்தபோதும் ஓட்ட முடிந்ததே ஒற்றைச்சக்கர எண்ணத்துக்கு வித்திட்டது என்பர்.

அதனை யாவரும் ஏறத்தக்கதாக்க மூன்று துணைகள் தேவைப்பட்டன. முதலாவது, 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம். இரண்டாவது, சக்கரத்தின் நடுவிலேயே அமையும் மோட்டார். மூன்றாவது, சாய்வை உணரும் நுண்கருவி. ஏறி நிற்பவர் முன்னே சாய்ந்தால் கருவி அதனை உணர்ந்து மோட்டாரை விரைவுபடுத்தும். பின்னே சாய்ந்தால் வேகத்தைக் குறைக்கும். விழப்போகும் உடலுக்கு அடியில் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் முழுத் தொழில்.

2001 டிசம்பரில் டீன் கேமன் அறிமுகப்படுத்திய செக்வே இம்முறையில் இயங்கிய இருசக்கர ஊர்தியாகும். நகரங்களையே மாற்றும் என்று எதிர்பார்க்கப்பட்ட அதன் எடை 40 கிலோகிராமை நெருங்கியது. படிக்கட்டு ஒன்று எதிர்ப்பட்டாலே அது சுமையாயிற்று. 2020-இல் அதன் உற்பத்தி நின்றது. விலையும் பிறவும் காரணங்களாக இருந்தன. எடையும் அவற்றுள் ஒன்று எனலாம். இடையே 2004-இல் டிரெவர் பிளாக்வெல் தாமே சமநிலை காக்கும் ஒற்றைச்சக்கர வண்டியொன்றைச் செய்து காட்டினார். 2011-ஐ ஒட்டி, அமெரிக்காவில் குடியேறிய சீனரான ஷேன் சென், கால்பலகைகளை மடக்கிக் கையில் தூக்கிச் செல்லத்தக்க சோலோவீலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். படகில் ஏறத்தக்க சக்கரம் அன்று பிறந்தது.

வலி, காலம், இடம்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்குக் கூறிய அவ்வரிசையே வண்டி வாங்குவோர்க்கும் பொருந்துகின்றது.

முதலில் வலி. இங்கு வலியென்பது மோட்டாரின் வலிமையன்று, சுமப்பவரின் வலிமையாகும். சிறிய சக்கரமுடைய வண்டிகள் 10 முதல் 13 கிலோகிராம் வரை எடையுடையன. பெரிய சக்கரமும் மிகுந்த வேகமும் உடையவை 20, 30 கிலோகிராமையும் தாண்டும். பெரியது மேடுபள்ளங்களில் நன்றாக ஓடும் என்பது மெய்யே. ஆயின் சேறு படிந்த செங்குத்தான கரையில், களைத்த கைகளால், படகிலிருந்து அதைத் தூக்குவோர் யார்? வீட்டு வாயிலில் தூக்கிப் பார்த்த எடை வேறு. நான்கு மணி நேரம் துடுப்பிட்டபின் தூக்கும் எடை வேறு. படகின் பொருளறை வாயிலையும் அளந்து பார்த்தல் வேண்டும். அதனுள் நுழையாத வண்டி மேல்தளத்தில் ஏறினால் படகு எளிதில் கவிழும். வண்டியைப் படகின் நடுவே, அடித்தளத்தை ஒட்டி வைப்பதே முறை.

அடுத்தது காலம், அதாவது மின்கலம் தாங்கும் நேரம். சமதளச் சாலையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 வாட் மணி மின்னாற்றல் செலவாகும் எனக் கொண்டால், 20 கிலோமீட்டருக்கு 300 வாட் மணி வேண்டும். ஆறு இறங்கி வந்தது. எனவே திரும்பும் சாலை ஏறும் என்பதை மறத்தலாகாது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எடையாயின், 100 மீட்டர் உயர்வதற்கு ஏட்டுக்கணக்கின்படியே 25 வாட் மணி செலவாகும். நடைமுறையில் இன்னும் மிகும். மின்கலம் தளர்ந்தால் மிதிவண்டி நிற்கும். ஒற்றைச்சக்கரமோ சமநிலை இழந்து ஆளை வீழ்த்தக்கூடும். ஆகவே நான்கில் ஒரு பங்கேனும் மிச்சமிருக்குமாறு கணக்கிடுதல் அறிவுடைமை. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் சுமையில் சேர்ந்தவை அல்ல, உயிரில் சேர்ந்தவை.

மூன்றாவது இடம். நீரே இவ்வண்டியின் முதற்பகை. மழைத்துளியைத் தாங்கும் வண்டி, மூழ்கினால் தாங்கும் என எண்ணுதல் தவறு. உப்புநீர் புகுந்த மின்கலம் தீப்பற்றவும் கூடும். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பையே இதற்குக் காப்பு. 12 கிலோகிராம் எடையுள்ள வண்டி, காற்றோடு சேர்த்து மூடிய 30 லிட்டர் பையினுள் இருந்தால் மூழ்காது மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி ஆற்றிலும் துணை நிற்கிறது.

நாட்டின் சட்டமும் இடத்தைச் சேர்ந்ததே. சிங்கப்பூரில் இத்தகைய வண்டியின் எடை 20 கிலோகிராமுக்கும், அகலம் 70 சென்டிமீட்டருக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகலாகாது. தீப்பாதுகாப்புச் சான்றும் வேண்டும். 2019 நவம்பரில் மின் ஸ்கூட்டர்களுக்கு நடைபாதைகளில் விதிக்கப்பட்ட தடை, 2020-இல் ஒற்றைச்சக்கர வண்டிகளுக்கும் விரிந்தது. மலேசியாவில் மின் ஸ்கூட்டர் முதலிய சிறு மின்வண்டிகள் பொதுச்சாலையில் ஓடுவதற்கு 2022-இல் தடை அறிவிக்கப்பட்டது. விமானப் பயணத்தில், 160 வாட் மணியை மிஞ்சும் மின்கலத்தைப் பயணிகள் கொண்டுசெல்ல இசைவில்லை. சட்டம் இடம் தராத ஊரில் எத்துணை நல்ல வண்டியும் படகில் ஏற்றிய கல்லேயாகும். அங்கே மடக்கு மிதிவண்டியோ, பேருந்தோ, கால்நடையோதான் துணை.

முடிவாக ஒன்று கூறலாம். பெனாரிக்கானில் படகை இழுத்தவரும், ஈசார் ஆற்றங்கரையில் படகை விரித்தவரும், படகில் சக்கரத்தை ஏற்றுபவரும் ஒரே கேள்விக்கு விடை தேடியவர்களே. பாதை மாறுமிடத்தில், துணையின்றி, தன் கையாலேயே தூக்க முடிந்தது எது? அளவு மீறினால் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என வலியறிதல் அதிகாரம் எச்சரிக்கின்றது. தன்னைச் சுமக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பவர், அதனைத் தான் சுமக்கும் நாழிகையையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கட்டும்.