மீன்தொட்டி மணலும் ஒரு தந்தையும் மகனும்



பள்ளியின் அறிவியல் மூலையில் நீர்த்தாவரங்களுடன் ஒரு மீன்தொட்டி அமைக்க முனைவோர் பெரும்பாலும் தயங்கி நிற்கும் இடம் மணல்தான். தொட்டியைப் பெற்றோர் ஒருவர் நன்கொடையாகத் தந்துவிடுவார். மீனையும் செடியையும் மாணவர்களே கொண்டு வந்துவிடுவர். ஆனால், நீர்த்தாவரங்களுக்கென்றே பையில் அடைத்து விற்கப்படும் மண்ணின் விலையைக் கேட்டதும், 'இது வசதி படைத்த பள்ளிகளுக்கே ஏற்றது' என்று முயற்சியைக் கைவிடுகிறோம். அவ்வாறு கைவிடத் தேவையில்லை என்பதை மீன்தொட்டியின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

இராபர்ட் வாரிங்டன் என்பவர் இலண்டனில் வாழ்ந்த வேதியியலாளர். 1849ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 12 கேலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்றுநீரை நிரப்பினார். அடியில் மணலையும் சேற்றையும் இட்டார். மேலே சில கற்களை அடுக்கினார். நாடா போன்ற நீண்ட இலைகளையுடைய வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியின் வேரை அந்த மணலில் புதைத்து, அது மிதந்துவிடாதபடி ஒரு கல்லை மேலே வைத்தார். பிறகு இரண்டு சிறிய தங்கமீன்களை நீரில் விட்டார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. சில காலம் சென்றபின் செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. அவர் நீரைக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைத் தொட்டியில் சேர்த்தார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்த்தன. நீர் மீண்டும் தெளிந்தது. செடி உயிர்வளியைத் தந்தது. நத்தை கழிவைத் தின்றது. நத்தையின் முட்டைகள் மீனுக்கு உணவாயின. இந்தச் சமநிலையை அவர் 1850இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் அறிக்கையாக அளித்தார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடியின் விலை குறைந்திருந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் 'தி அக்குவேரியம்' என்னும் நூலை வெளியிட்டார். அதன்பின் வீட்டுக் கூடங்களில் மீன்தொட்டி வைப்பது ஒரு பெரும் மோகமாகவே பரவியது.

ஆயினும் வாரிங்டனின் விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. செடி அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது எங்கே போகிறது?

விடைக்கான வழியை மணலே காட்டியது. 1877இல் பிரான்சு நாட்டின் இஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்னும் அறிவியலாளர் இருவர், மணல் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரை மெதுவாகச் செலுத்தினர். ஏறக்குறைய மூன்று வாரங்களில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது. ஆகவே, அது மணலின் செயலன்று. மணலில் குடியேறிய நுண்ணுயிரின் செயல் என்பது தெளிவாயிற்று.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தவரின் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான். அவர் மீன்தொட்டி வாரிங்டனின் மகன்! தந்தை தொட்டியை அமைத்த ஆண்டில் அவருக்குப் பதினொரு வயது நிறைந்தது. அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் இரு கட்டங்களில் மாறுகிறது என்பதை எடுத்துக்காட்டியவர்களுள் அவர் முக்கியமானவர். 1890இல் செர்கெய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். தந்தை தொட்டியின் அடியில் இட்ட மணலில் நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள மகன் காலத்து அறிவியல் தேவைப்பட்டது.

இந்த வரலாற்றை அறியாமல் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன், மாணவர்களைக் கொண்டு தொட்டியை முழுமையாகக் கழுவினேன். பழைய மணலைக் கொட்டிவிட்டுப் பளபளக்கும் புது மணலை நிரப்பினோம். ஒரு வாரத்திற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. "ஐயா, நாம் சுத்தமாகத்தானே கழுவினோம்?" என்று ஒரு மாணவி கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அழுக்கென்று எண்ணி நாங்கள் கொட்டியது தொட்டியின் உயிரை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மணலின் மதிப்பு அதன் விலையில் இல்லை. அதில் வாழும் உயிர்களில் இருக்கிறது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில், சாதாரணத் தோட்ட மண்ணை அடியில் பரப்பி, அதன்மேல் சரளைக்கல்லை மெல்லிய அடுக்காக இட்டுச் செடி வளர்க்கும் முறையை விளக்கினார். வாரிங்டனின் சேறும் மணலும் 150 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்துவிட்டன!

நம் பள்ளிக்கு, கட்டுமானப் பொருள் கடையில் கிடைக்கும் ஆற்றுமணலே போதும். அதைச் சலித்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் தெளியும்வரை வாளியில் அலசுங்கள். சவர்க்காரம் கூடவே கூடாது. ஒரு பிடி மணலில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது. அது நீரைக் கடினமாக்கும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் உண்டு, அதனைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு மணல் தேவை என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு மணல் பரப்ப 9 லிட்டர் வேண்டும். அதன் எடை ஏறத்தாழ 14 கிலோகிராம். கணிதப் பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

செடியை நட்டபின் அவசரப்படாமல் சில வாரங்கள் பொறுத்திருங்கள். பிறகு ஓரிரு மீன்களை மட்டும் விட்டுத் தொடங்குங்கள். நீர் மாற்றும்போது குளோரின் நீக்கிய நீரால் ஒரு பகுதியை மட்டுமே மாற்றுங்கள். விடுமுறைக்கு முன் தொட்டியைப் பளிச்சென்று ஆக்கத் தோன்றினாலும், மணலை மட்டும் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு நான் தர வேண்டிய விடை இதுதான். காலம் தாழ்ந்தே தருகிறேன்.